இஸ்ரவேல், யூதர், தீர்க்கதரிசனம்: வேதபாட வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் ரோமர் நிருபத்தின் 9, 10, 11-ஆம் அதிகாரங்களைப் படிக்கத் தொடங்கியபோது கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சில கேள்விகள் வசனத்திலிருந்து எழுந்தவை. பல, காலையில் படித்த செய்தித்தாளிலிருந்து எழுந்தவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். மற்றச் சபையாரின் கருத்துகளை, அவர்கள் படித்தால் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

இஸ்ரவேல், இஸ்ரேல்: இரண்டும் ஒன்றா?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நம் பழைய வேதாகமம் 'இஸ்ரவேல்' என்கிறது. செய்தித்தாள் 'இஸ்ரேல்' என்கிறது. கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'இஸ்ரயேல்' என்று இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் நேர்ந்த இந்த வேறுபாடு நமக்கு நல்ல உதவி. அதைக் கைவிட வேண்டாம் என்பேன்.

வேதத்திலேயே அந்தப் பெயர் ஒரே பொருளில் நிற்பதில்லை. முதலில் அது யாக்கோபு பெற்ற பெயர். பிறகு பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர். சாலொமோனுக்குப் பின் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கே இருந்த ராஜ்யத்தின் பெயர், அது கி.மு. 722-இல் அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கே இருந்தது யூதா. 'யூதர்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. 1948 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட நாடு இந்தப் பழம்பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. அந்த நாட்டின் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர். உலக யூதர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்கள். ஆகவே ஒரு வசனத்தில் 'இஸ்ரவேல்' என்று வாசித்தவுடன் மனம் நேராக அந்த நாட்டின் கொடிக்குத் தாவினால், சற்று நிறுத்தி, இது எந்த இஸ்ரவேல் என்று கேட்க வேண்டும்.

தீர்க்கதரிசனம் என்றால் வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதுதானே?

அதுவும் உண்டு. ஆனால் தீர்க்கதரிசிகளின் வாயில் வந்ததில் பெரும்பங்கு, நிகழ்காலத்தைப் பார்த்துச் சொன்ன கண்டிப்பும் ஆறுதலுமே. எரேமியா 29-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் கழித்துத் திரும்பி வருவீர்கள் என்ற வாக்கு அதில் இருக்கிறது. அதைக் கணக்கிட்டுப் பார்க்கிறவர்கள் பலர். கி.மு. 586-இல் இடிந்த ஆலயம் கி.மு. 515 வாக்கில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. பெர்சிய அரசன் கோரேசு யூதர்களைத் திரும்பிப்போக விட்டது கி.மு. 538-இல். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு சற்று மாறும்.

ஆனால் அதே கடிதத்தில் அதற்கு முன்பே எரேமியா சொல்வது வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். வருஷத்தை எண்ணுகிற நாம் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். கடிதத்தைப் பெற்றவர்களுக்கு அன்றைக்குக் காலையில் செய்ய வேண்டியிருந்த வேலை இந்த வரிகளில்தான் இருந்தது.

கி.பி. 70-க்குப் பிறகு யூதர்கள் எல்லாரும் சிதறிப்போனார்கள், 1948 வரை தேசம் காலியாகக் கிடந்தது என்கிறார்களே?

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் இந்தச் சித்திரம் சரியானதல்ல. சிதறல் கி.பி. 70-க்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. கோரேசு அனுமதி தந்தபோதும் பலர் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். அலெக்சாந்திரியாவில் இருந்த பெரிய யூத சமுதாயத்துக்காகத்தான் பழைய ஏற்பாடு கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பவுல் ஊர் ஊராகப் போய் ஜெபஆலயங்களில் பேசினார் என்றால், அந்த ஊர்களிலெல்லாம் யூதர்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள் என்றுதானே பொருள்?

கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்து எருசலேமை அழித்தது உண்மை. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா கிளர்ச்சி அதைவிடக் கொடிய அழிவில் முடிந்தது. பேரரசன் ஹாத்ரியான் எருசலேமை ஏலியா கப்பித்தோலினா என்ற ரோம நகரமாக்கி, யூதர்கள் அங்கே நுழையவும் தடை விதித்தான். ஆனாலும் கலிலேயாவில் யூத வாழ்வு தொடர்ந்தது. யூத மரபுச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா அங்கேதான் கி.பி. 200 வாக்கில் உருவம் பெற்றது. பிற்காலத்தில் திபேரியாவிலும் சபேத்திலும் யூத அறிஞர்கள் வாழ்ந்தார்கள். அதே நூற்றாண்டுகளில் அதே மண்ணில் கிறிஸ்தவர்களும், பின்னர் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டு வந்தார்கள். 'காலி தேசம்' என்றால் இவர்கள் எல்லாரையும் அழித்துவிட்டுப் பேசுகிறோம்.

சிதறியவர்களின் கதை நம் அருகிலும் உண்டு. சேர அரசன் பாஸ்கர ரவி ஏறத்தாழ கி.பி. 1000-இல் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் பொறித்துத் தந்த செப்பேடுகள் கொச்சி யூதர்களிடம் இருந்தன. மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568-இல் கட்டிய ஜெபஆலயம் இன்றும் நிற்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்தவ அரசர்கள் யூதர்களை விரட்டிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளில், இங்கே ஓர் இந்து அரசு அவர்களுக்கு இடம் தந்தது.

திருச்சபைதான் புதிய இஸ்ரவேலா?

இரண்டாம் நூற்றாண்டு முதல் பெரும்பாலான திருச்சபைப் பிதாக்கள் அப்படித்தான் போதித்தார்கள். யூதர்கள் மேசியாவை ஏற்காததால் வாக்குத்தத்தங்கள் சபைக்கு வந்துவிட்டன என்ற போதனை அது. இன்றைய இறையியலில் இதை 'மாற்றீட்டுப் போதனை' என்று சொல்வதுண்டு. இதை ஏற்கும் சீர்திருத்த மரபினர் பலர், 'மாற்றீடு' என்ற சொல்லை ஒப்புக்கொள்வதில்லை. இஸ்ரவேல் தள்ளப்படவில்லை, கிறிஸ்துவில் விரிந்தது என்பார்கள். அதற்கு வலுவான ஆதாரமும் காட்டுவார்கள். விழுந்துபோன தாவீதின் கூடாரம் மீண்டும் எடுப்பிக்கப்படும் என்று ஆமோஸ் 9 சொல்கிறது. அப்போஸ்தலர் 15-இல் யாக்கோபு அதை மேற்கோள் காட்டி, புறஜாதியார் சபைக்குள் வருவதில் அது நிறைவேறுகிறது என்கிறார். புதிய ஏற்பாடே ஒரு தீர்க்கதரிசனத்தை இப்படி வாசித்துக் காட்டும்போது, அந்த வாசிப்பை நாம் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் பவுல் ரோமர் 11-இல் ஓர் எச்சரிக்கை வைக்கிறார். புறஜாதி விசுவாசியைக் காட்டொலிவக் கிளை என்கிறார். நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட நீ, மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமைபாராட்டாதே. நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்கிறார். மாமரத்தில் ஒட்டுக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும். ஒட்டிய கிளை வேரைப் பழித்தால் என்ன ஆகும்? பதினெட்டு நூற்றாண்டுகளாக ஒட்டிய கிளை அதைத்தான் செய்துவந்தது.

மூன்றாம் ஆலயம் கட்டப்படுமா?

எசேக்கியேல் 40 முதல் 48 வரை விவரிக்கப்படும் ஆலயம் அப்படியே கட்டப்படும் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். கிறிஸ்துவே ஆலயம், ஆகையால் அது உருவகம் என்று மற்றவர்கள். இங்கே நான் தீர்ப்புச் சொல்வதைவிட, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கி.பி. 363-இல் ரோமப் பேரரசன் ஜூலியான், கி.பி. 70-இல் அழிந்த எருசலேம் ஆலயத்தை மீண்டும் கட்ட ஆணையிட்டான். கிறிஸ்தவனாக வளர்ந்து, பழைய ரோமத் தெய்வங்களிடம் திரும்பியவன் அவன். ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் இராதபடிக்கு இடிக்கப்படும் என்று இயேசு சொன்னதைப் பொய்யாக்குவதே அவன் நோக்கம் என்று கிறிஸ்தவர்கள் கருதினார்கள். பணம் ஒதுக்கினான், அலிப்பியு என்ற அதிகாரியை மேற்பார்வைக்கு வைத்தான். அஸ்திவாரத்தின் அருகே நெருப்புப் பந்துகள் வெடித்து வேலையாட்களைச் சுட்டதால் பணி நின்றது என்று, கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானு மார்செல்லினு எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டு மே மாதத்தில் அப்பகுதியில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தது. ஜூனில் ஜூலியான் பெர்சியப் போர்க்களத்தில் மாண்டான்.

கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு இது பெரும் வெற்றியாகப் பட்டது. அந்தியோகியாவில் புகழ்பெற்ற பிரசங்கி கிறிசோஸ்தோம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதை எடுத்துக்காட்டி யூதர்களைக் கடுமையாகத் தாக்கினார். ஆலயம் இருந்த இடத்தை, தீர்க்கதரிசனம் பலித்ததன் சாட்சியாகப் பாழாகவே விட்டுவைத்தார்கள். எனக்கு இந்த இடத்தில் மனம் வலிக்கிறது. லூக்கா 19-இல் இயேசு எருசலேமின் அழிவை முன்னறிவித்தபோது நகரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். அவர் அழுத இடத்தில் அவருடைய சீஷர்கள் கைதட்டினார்கள்.

இயேசுவைக் கொன்ற பாவத்தால்தான் யூதர்களுக்கு இத்தனை துன்பம் வந்ததா?

இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சிலுவை ரோமர்களின் தண்டனை. ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்றுதான் சொல்கிறோம். யூதர் என்ற பேச்சே அங்கே இல்லை. மத்தேயு 27:25-இல் ஒரு கூட்டம் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கத்தியதை, அதன் பின் பிறந்த எல்லாத் தலைமுறைகளின் தலையிலும் ஏற்றிவைத்தது கிறிஸ்தவ உலகம்.

அதன் விளைவு ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1096-இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் வழியிலேயே வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்களைக் கொன்று குவித்தன. 1215-இல் நான்காம் லாத்தரான் சங்கம், யூதர்கள் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என்று விதித்தது. 1290-இல் இங்கிலாந்தும் 1492-இல் ஸ்பெயினும் அவர்களை வெளியேற்றின. தடுத்தவர்களும் இருந்தார்கள். யூதர்கள் வேதத்தைச் சுமக்கும் சாட்சிகள், ஆகையால் அவர்களைக் கொல்லக்கூடாது என்று சங்கீதம் 59:11-ஐ வைத்து அகுஸ்தீன் எழுதியிருந்தார். அந்த வசனத்தையே கையில் எடுத்து 1146-இல் கிளெர்வோ மடத்தின் பெர்னார்டு, ரைன் ஆற்றங்கரையில் கொலைக்குத் தூண்டிய துறவி ஒருவனை அடக்கினார். ஆனால் அகுஸ்தீனின் பார்வையிலும் யூதர்கள் தாழ்ந்த நிலையில் வாழ வேண்டியவர்களே.

லுத்தரைப் பற்றி நான் சொல்லாமல் கடந்தால் அது நேர்மையாகாது. 1523-இல் அவர் யூதர்களை அன்போடு நடத்தச் சொன்னார். 1543-இல் அவர்களுடைய ஜெபஆலயங்களையும் வீடுகளையும் கொளுத்தச் சொன்னார். 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் ஜெபஆலயங்கள் எரிந்தன. மறுநாள் லுத்தரின் பிறந்தநாள். அந்தப் பொருத்தத்தைப் புகழ்ந்து துரிங்கியாவின் லுத்தரன் பேராயர் மார்ட்டின் சாஸ்ஸே சிறு நூலே வெளியிட்டார். அதே நாட்களில் இன்னொரு லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் தம் வேதாகமத்தைத் திறந்து, தேசத்தின் ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்தார்கள் என்று சொல்லும் சங்கீதம் 74:8-இன் ஓரத்தில் அந்தத் தேதியைக் குறித்துவைத்தார். ஒரே சபை, ஒரே வேதம். ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட அந்தப் பேரழிவைச் 'சாபத்தின் நிறைவேற்றம்' என்று யாராவது பிரசங்கித்தால், எழுந்து மறுத்துப் பேசுங்கள். 1994-இல் அமெரிக்க நற்செய்தி லுத்தரன் திருச்சபை, லுத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது.

கத்தோலிக்கத் திருச்சபை இன்று என்ன சொல்கிறது?

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றிருந்த எல்லா யூதர்கள்மீதும் இன்றைய யூதர்கள்மீதும் சுமத்தக்கூடாது என்றது. அதற்கு ஆதாரமாக நின்றதும் ரோமர் 11-தான். இதன் பின்னணியில் ஒரு தனிமனிதரின் துயரம் இருக்கிறது. மனைவியையும் மகளையும் நாஜிக்களிடம் இழந்த பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து, திருச்சபையின் போதனையைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டார். 1986-இல் இரண்டாம் ஜான் பால் ரோம் நகர ஜெபஆலயத்துக்கே சென்று, யூதர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார்.

'இரகசிய வருகை', 'ஏழு வருட உபத்திரவம்' போன்ற போதனைகள் எங்கிருந்து வந்தன?

இன்று தமிழ்ச் சபைகளில் பரவலாகக் கேட்கும் வரிசை இது: சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு உபத்திரவ காலம், அதில் யூதர்கள் மனந்திரும்புவார்கள், பிறகு ஆயிர வருட அரசாட்சி. இதற்கு முறையான வடிவம் கொடுத்தவர் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி. 1830-களில் உருவான போதனை இது. இஸ்ரவேலும் சபையும் இருவேறு ஜனங்கள், இருவருக்கும் தேவன் வைத்திருக்கும் திட்டங்கள் வேறு என்பதே இதன் அடிப்படை. 1909-இல் அமெரிக்கப் போதகர் ஸ்கோஃபீல்டு, வேதாகமத்தின் பக்கங்களிலேயே இந்தக் குறிப்புகளைச் சேர்த்து வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் இருந்ததால், பலருக்கு இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

பிரதரன் இயக்கம் அதன் ஆரம்ப நாட்களிலேயே நம் மண்ணைத் தொட்டது. அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு பழகிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் தென்தமிழகத்தில் ஊழியம் செய்தார். ஆனால் குரோவ்ஸ் டார்பியோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர் அல்லர்.

இந்தப் போதனையில் ஒரு நன்மையை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். தேவன் யூதர்களைக் கைவிட்டார் என்று கிறிஸ்தவ உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை என்று இது உரக்கச் சொன்னது. குறை என்னவென்றால், 'இஸ்ரவேல் தேவனுடைய கடிகாரம்' என்று சொல்லிச் சொல்லி, அவர்களை மணி பார்க்கும் பொருளாக்கிவிட்டோம். கடிகாரத்துக்கு வலி இருக்காது. மனிதர்களுக்கு இருக்கும்.

1948-இல் எசேக்கியேல் 37 நிறைவேறியதா?

உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் அந்தத் தரிசனத்தை, நாஜி முகாம்கள் மூடப்பட்டு மூன்றே ஆண்டுகளில் ஒரு நாடு பிறந்ததோடு சேர்த்துப் பார்க்கும்போது எவர் மனமும் அசையும். நிறைவேறியது என்பவர்கள் உண்டு. அது பாபிலோனிலிருந்து திரும்பியதைக் குறிக்கிறது, ஏற்கெனவே முடிந்தது என்பவர்கள் உண்டு. தேசத்துக்குத் திரும்புதலும் ஆவியைப் பெறுதலும் சேர்ந்துதான் தரிசனம், ஆகவே இன்னும் முடியவில்லை என்பவர்களும் உண்டு. நான் மூன்றாவது கருத்தின் பக்கம் சாய்கிறேன்.

வரலாறு மனிதர்களின் கைகளாலும் நடந்தது என்பதை மறக்கக்கூடாது. 1896-இல், யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்ற சீயோனிய இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்ஸலைத் தேடிச் சென்று உதவிய வில்லியம் ஹெக்லர் ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர். தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று நம்பியே உதவினார். 1917 நவம்பர் 2-இல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை பிரிட்டன் ஆதரித்த பால்ஃபர் பிரகடனம், 1947 நவம்பர் 29-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பிரிவினைத் தீர்மானம், பிறகு போர். அந்தப் போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள்.

அத்திமரம் துளிர்விட்டது, ஒரு தலைமுறைக்குள் முடிவு வரும் என்று கணக்கிடலாமா?

கூடாது. இயேசு சொன்ன அத்திமர உவமையில் அத்திமரம் இஸ்ரேல் நாடு என்று கொண்டு, 1948-ஓடு ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டுகளைக் கூட்டி 1988 என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. 1844 அக்டோபர் 22-ஐக் குறித்த அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் சீஷர்களும் அழுதுகொண்டே விடியலைப் பார்த்தார்கள். லூக்கா 21:29-இல் இயேசு "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்கிறார். அத்திமரம் ஒரு நாட்டைக் குறித்தால் மற்ற மரங்கள் எதைக் குறிக்கும்? இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை இப்போது திருப்பித் தருவீரா என்று சீஷர்கள் கேட்டதற்கும் அவர் தேதி சொல்லவில்லை. அப்போஸ்தலர் 1:6-7.

"இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்றால் என்ன?

ரோமர் 11:26. யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த தேவஜனம் முழுவதும் என்றார் கால்வின். எல்லாக் காலங்களிலும் விசுவாசித்த யூதர்கள் என்பது இன்னொரு வாசிப்பு. கடைசிக் காலத்தில் யூத ஜனம் பெரும் எண்ணிக்கையில் கிறிஸ்துவிடம் வரும் என்பது மூன்றாவது. முந்தைய வசனத்தில் 'இஸ்ரவேல்' யூத மக்களையே குறிப்பதால் மூன்றாவதே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். எப்படி, எப்போது என்று பவுல் விளக்கவில்லை. துதி பாடி அதிகாரத்தை முடித்துவிடுகிறார்.

ஆதியாகமம் 12:3-இன்படி, இஸ்ரேல் அரசு செய்வதையெல்லாம் ஆதரிக்க வேண்டுமா?

"உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்பது ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது. அதே வசனம் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்று முடிகிறது. ஏசாயாவும் எரேமியாவும் தங்கள் ராஜாக்களைக் கண்டித்தபோது இஸ்ரவேலைச் சபித்தார்களா? யூத மக்களை நேசிப்பது வேறு, ஓர் அரசின் ஒவ்வொரு முடிவுக்கும் ஆமென் சொல்வது வேறு. அந்த அரசின்மீதுள்ள கோபத்தை யூதர்கள்மீது கொட்டுவதும் அதே குழப்பம்தான்.

எசேக்கியேலைப் பிடித்துக்கொள்கிறவர்கள் 47:22-ஐயும் படிக்க வேண்டும். தேசத்தைப் பங்கிடும்போது உங்கள் நடுவே தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் சுதந்தரம் கொடுங்கள் என்று தேவன் சொல்கிறார். பெத்லகேமில் அரபு மொழியில் ஆராதிக்கும் லுத்தரன் சபை இருக்கிறது. அவர்களும் நாமும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். 2009-இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, வேதத்தைத் தங்களுக்கு எதிரான ஆயுதமாக்க வேண்டாம் என்று உலகச் சபைகளிடம் மன்றாடியது. அவர்கள் குரல் தமிழ்ச் சபைகளில் ஒலிப்பதேயில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

யூதர்களே இந்தத் தீர்க்கதரிசனங்களை எப்படி வாசிக்கிறார்கள்?

ஒரே குரலில் அல்ல. ஏசாயா 53-இல் பாடுபடும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்பது 11-ஆம் நூற்றாண்டின் யூத வேத உரையாசிரியர் ராஷி முதல் பரவலாக ஏற்கப்பட்ட யூத விளக்கம். நாட்டின் பிறப்பை மீட்பின் முதல் துளிராகக் கண்டு ஜெபிக்கிறவர்கள் உண்டு. மேசியா வருமுன் யூத அரசு அமைப்பதே தவறு என்று மறுக்கும் சாத்மார் போன்ற பழமைப் பிரிவினரும் உண்டு. பெரும்பாலோருக்கு நம் அட்டவணைகளில் தங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் தெரியவந்தால் அதிர்ச்சியாகவே இருக்கும்: உபத்திரவத்தில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் என்று சகரியா 13-ஐ வைத்து நாம் பேசுவது, அவர்கள் பிள்ளைகளைப் பற்றியது.

சபையில் இதைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து தொடங்க வேண்டாம். ரோமர் 9 முதல் 11 வரை ஒரே அமர்வில், நிறுத்தாமல், உரக்க வாசியுங்கள். பவுல் கண்ணீரோடு தொடங்குவதைக் கவனியுங்கள். அடுத்த வாரம் எரேமியா 29. அதற்கடுத்து ஆமோஸ் 9-ஐயும் அப்போஸ்தலர் 15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு சங்கீதம் 122: "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்." அந்த ஜெபத்தில், இன்று எருசலேமில் குடியிருக்கும் யூதர்களையும் முஸ்லிம்களையும், அர்மீனிய, அரபுக் கிறிஸ்தவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.